கூடாரமிடுவோர்க்கு ஓர் ஆற்றுப்படை

ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையை நம் மாணவர்கள் தேர்வுக்காகக் கற்கின்றனர். பரிசில் பெற்று மீளும் கூத்தரும் பாணரும் பொருநரும் விறலியரும், வறுமையோடு எதிர்வரும் தம்மனோர்க்குத் தாம் பெற்ற வளத்தைக் கூறி, அவ்வளத்தை அவரும் சென்று பெறுமாறு வழிப்படுத்துவது அது என்று தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்ததை ஒப்புவித்துப் புள்ளியும் பெறுகின்றனர். ஆயின், அவ்வழியிற் செல்வோர் எவர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அங்கே தனியொருவன் செல்லவில்லை. ஒரு குடும்பம் செல்கின்றது. சிறுபாணாற்றுப்படையின் தொடக்கத்தில், வழிநடையால் வருந்திய விறலியர் மரநிழலில் இளைப்பாற, உடன்வந்த இளையர் அவர்தம் அடியை வருடும் காட்சி வருகின்றது. பெண்டிரும் பிள்ளைகளும் உடன்வரும் பயணம் அது. எனவேதான் புலவர் வழியைச் சொல்வதோடு நில்லாது, தங்குமிடத்தையும் சொல்ல வேண்டியவராயினர்.

583 அடிகள் கொண்ட மலைபடுகடாம் இவ்வகையில் மிகச் சிறந்தது. நன்னனிடம் செல்லும் கூத்தர் குடும்பத்துக்கு அந்நூல் கூறும் எச்சரிக்கைகளைப் பாருங்கள்: பன்றிக்கு வைத்த பொறி இன்ன இடத்தில் உண்டு, பாம்பு உறையும் குழி இன்ன இடத்தில் உண்டு, புனங்காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் உங்கள்மேல் விழவும் கூடும், பாசி படிந்த நீர்நிலையில் கால் வழுக்கும், இருள் வந்தபின் நடவாது மலைக்குகையிலே தங்குங்கள். இன்பத்தை மட்டும் கூறி இன்னலை மறைக்கும் விளம்பரம் அன்று அது; கண்டவன் காணாதவனுக்குச் சொல்லும் மெய். அம்மெய்யைச் சொல்வார் நம் கரையோரத்தில் இன்று இல்லை என்பதையே இவ்வாரம் எழுதப் புகுந்தோம்.

பள்ளி விடுமுறை வந்ததும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் இளைஞர் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு வண்டியேறுகின்றனர். பொத்துவில், அறுகம்பை, பாணமை, உகந்தை, இங்கினியாகலை என்று திசைக்கொரு கூட்டம் செல்கின்றது. மீண்டு வந்து படமும் காட்டுகின்றனர். வீட்டிலுள்ள உம்மாவும் ராத்தாவும் மூத்தம்மாவும் அப்படங்களைக் கண்டு மகிழ்கின்றனர், அவ்வளவே. தம் ஊரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள குமணையின் பறவைகளை, ஆயுளில் ஒருமுறையேனும் கண்ட பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்? “குடும்பத்தோடு தங்க அங்கே இடம் இல்லை” என்பதே எங்கும் கேட்கும் விடை. இவ்விடை மெய்யா, அன்றித் தேடாமையின் விளைவா என்று ஆராய வேண்டும்.

வெளியிலே தங்குதல் நம்மவர்க்குப் புதிதன்று. கண்டி நாட்டுக்கு உப்பும் கருவாடும் பொதிமாடுகளில் ஏற்றிச் சென்று, பாக்கும் பிறவும் கொண்டுவந்த முஸ்லிம் வணிகர், வழியெங்கும் மரநிழலில் மாடவிழ்த்துச் சமைத்து உறங்கினர். அப்பொதிமாட்டு அணியைச் சிங்களத்தார் ‘தவலம’ என்றனர். தமிழிலே ‘தாவளம்’ என்பது தங்குமிடத்தைக் குறிக்கும் சொல். இரண்டுக்கும் உள்ள உறவு கூறாமலே விளங்கும். நம் உழவரோ, விதைப்பு முதல் அறுவடை வரை வயல் வாடியிலே வாழ்ந்தனர். பன்றிக்கும் யானைக்கும் காவலாகப் பரணிலே கண்விழித்தனர். கிழக்கிலங்கையின் நாட்டார் கவிகள் பல, அப்பரணிலும் வாடியிலும் பிறந்தவை. ஆண்டுதோறும் ஆடி விழாவுக்காக வடக்கிலிருந்து கதிர்காமம் நோக்கி நடந்துசெல்லும் அடியார் நம் ஊர்களின் ஊடாகவே சென்று, உகந்தை முருகன் கோயிலில் தங்கி, குமணைக் காட்டுட் புகுகின்றனர். அவருள் முதியோரும் பெண்டிரும் இருக்கின்றனர். ஆகவே, வெட்டவெளியில் இரவைக் கழித்தல் நம் மண்ணுக்கு அந்நியமான பழக்கம் என்று எவரும் சொல்லவியலாது.

பின் ஏன் தயக்கம்? அதற்குக் காரணம் ஒரு சொல்லிலே இருக்கின்றது. ‘முகாம்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் மூத்தோர் முகம் வாடுகின்றது. போர்க்காலத்தில் அச்சொல்லுக்கு முன்னே ‘இராணுவ’ என்ற அடை நின்றது. ‘அகதி’ என்ற அடையும் நின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. கடலோரத்தில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற விதி அடுத்து வந்தது; பின்னர் அது தளர்த்தப்பட்டது. அதற்கிடையில் மாதக்கணக்காகக் கூடாரத் துணியின்கீழ் வெந்த குடும்பங்கள் எத்தனை! இன்று தந்தையரும் தாயரும் ஆகியிருப்போர் பலர், அன்று அக்கூடாரங்களில் இருந்த சிறுவர். கூடாரம் என்றால் இழப்பு என்று பழகிய தலைமுறை, அதையே மகிழ்ச்சி என்று தன் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாயின், இடத்தைத் தேர்வதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

எம் குடும்பத்தில் நிகழ்ந்தது ஒன்றைச் சொல்வோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறையில், விளம்பரத்தில் அழகிய படமொன்றைக் கண்ட பிள்ளைகள், தென்கரையில் ஒரு கூடாரத் தோட்டத்துக்குச் செல்ல விரும்பினர். எழுபது கடந்த எம் சாச்சியையும் அழைத்தோம். “முகாமா? அல்லாவே! ஒருக்கா இருந்தது போதும், மனே” என்று மறுத்தார். பேரப்பிள்ளைகள் விடவில்லை, வந்தார். அங்கே பெண்களுக்கென்று வேறாக மறைவிடம் இல்லை. இருந்த ஒரே கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாளும் இல்லை. கிணற்று நீர் உவர்த்தது. அண்டைக் கூடாரத்தில் எழுந்த இசை நள்ளிரவிலும் ஓயவில்லை. இஷாத் தொழுகைக்கு உளூச் செய்ய, கொண்டுபோன குடிநீரையே எடுத்தோம். இரவோடிரவாகத் திரும்பினோம். வழியிலே சாச்சி சொன்ன சொல் இன்றும் எம் செவியில் உண்டு: “அந்த முகாமுக்குப் பவுசர்ல தண்ணி வந்திச்சு, மனே. இதுக்கு அதுவும் இல்ல.”

இச்சொல்லை வெறும் கோபம் என்று தள்ளலாகாது. பேரிடருக்குப் பின் அமைக்கும் முகாம்களுக்கு, உலகின் நிவாரண அமைப்புகள் கூடி வகுத்த ‘ஸ்பியர்’ என்னும் அளவுகோல் ஒன்று உண்டு. ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் நீர். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறாக, உள்ளே தாழிடத்தக்க கதவோடு. நிலத்தடி நீர் எடுக்கும் இடத்திலிருந்து 30 மீற்றருக்கு அப்பால். கூரையின்கீழ் ஒருவருக்கு 3.5 சதுர மீற்றர் இடம். வீடிழந்து வந்தோர்க்கு உலகம் விதித்த குறைந்த அளவு இது. பணங்கொடுத்து இளைப்பாற வரும் குடும்பத்துக்கு இதனினும் குறைந்ததைத் தருவது எவ்வகையில் நீதி? எனவே குடும்பத்தோடு செல்வோர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, “கடல் எவ்வளவு அண்மையில் இருக்கிறது?” என்பதன்று, “கழிப்பறைக் கதவுக்குத் தாழ் உண்டா?” என்பதே. வயது வந்த பெண்பிள்ளையும், இரவில் இருமுறை எழும் முதியவரும் அஞ்சாது உறங்கும் இடமே குடும்பத்துக்கான இடம். எஞ்சிய அழகெல்லாம் அதற்குப் பின்னரே.

நிற்க. நல்ல பாடிவீடு எத்தகையது என்பதற்கும் நம் இலக்கியத்திலே சான்று உண்டு. பத்துப்பாட்டில் மிகச் சிறியதாகிய முல்லைப்பாட்டு, 103 அடிகளுக்குள் ஒரு பாசறையை நம் கண்முன் நிறுத்துகின்றது. காட்டுப்புதர்களை வெட்டி அகற்றிய நிலம், சுற்றிலும் முள்வேலி, தழைவேய்ந்த கூரைகள் ஒழுங்குபட நின்ற தெருக்கள், தெருக்கள் கூடும் முற்றத்திலே காவல்நின்ற யானை, இரவு முழுதும் அவியாது தூண்டப்படும் விளக்கு, பொழுதறிந்து கூறும் நாழிகைக் கணக்கர். போர்மேற் சென்றோர் அமைத்த இடமேயாயினும், துப்புரவும் வேலியும் ஒழுங்கும் காவலும் விளக்கும் அங்கே தவறவில்லை. விடுமுறைக்குச் செல்லும் நாம் இவ்வைந்தையும் கேட்பது மிகையாகுமா?

மேலைநாட்டார் இதனை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டனர். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலே, இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரம் வண்டிவீடுகள் செய்வதற்குப் பெயர்பெற்றது. உறங்குமிடமும் அடுக்களையும் கழிப்பறையும் உள்ளேயே அமைந்த அவ்வூர்திகளில் குடும்பங்கள் ஊர் ஊராகச் செல்கின்றன. சிக்காகோ நகரத்தார் வார இறுதியில் நாடும் இடங்களுள் ஒன்று, மிச்சிகன் ஏரிக்கரையில் 2019ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட இந்தியானா மணல்மேடுகள். அந்நாட்டில் ஒரு குடும்பம் புறப்படுமுன்னரே, இன்ன திடலில் இத்தனை இடங்கள். இன்ன இடத்தில் மின்னிணைப்பும் நீர்க்குழாயும் கழிவுநீர் வாய்க்காலும் உண்டு, இன்ன இடத்தில் இல்லை. இன்ன மணிக்குப் பின் அமைதி காக்க வேண்டும் என்பவற்றை அறிந்து, இடத்தையும் ஒதுக்கிக்கொள்ள முடிகின்றது. நாம் அவர்தம் செல்வத்தை விரும்பவேண்டியதில்லை. வண்டிவீடும் நமக்கு வேண்டியதில்லை. உள்ளதை உள்ளவாறு முன்கூட்டிச் சொல்லும் அந்நேர்மை ஒன்றே வேண்டும். அதற்குப் பெரும்பொருள் செலவாவதில்லை.

இனி நம் பகுதியின் இடங்களைப் பற்றி நாமறிந்த அளவிற் கூறுவோம்.

கல்முனையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றரில் பொத்துவில், அதனையடுத்து அறுகம்பை. ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்கு வீரர் உலகின் பல திசைகளிலிருந்தும் அங்கே வருகின்றனர். அக்காலத்தில் இடம் கிடைத்தல் அரிது. அமைதி கிடைத்தல் அதனினும் அரிது. அலைச்சறுக்குக்கு ஏற்ற முனையெல்லாம் சிறுவர் குளிப்பதற்கு ஏற்றதன்று என்பதையும் மறவற்க. ஊரார் கைகாட்டும் அமைதியான வளைவிலே, பெரியவர் ஒருவர் கரையில் நிற்கவே பிள்ளைகள் நீரில் இறங்க வேண்டும். பொத்துவிலில் ஆதார வைத்தியசாலை இருப்பது குழந்தைகளோடு செல்வோர்க்கு ஓர் ஆறுதல்.

பொத்துவிலிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் லாகுகலை. 1980ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1,554 ஹெக்டேயர் மட்டுமே பரப்புடையது. கோடையில் பிற இடங்களில் நீர் வற்றும்போது, குளத்துப் புல்லை நாடி யானைகள் அங்கே திரள்கின்றன. பிள்ளைகள் காணவேண்டிய காட்சி அது. ஆயின் பகலில் காண்க; இரவில் அப்பக்கம் கூடாரம் இடற்க. யானை தன் தடத்தை மாற்றுவதில்லை. அத்தடத்தில் நாம் படுத்திருக்கின்றோம் என்பது அதற்குத் தெரியாது. உணவின் மணமும் உப்பின் மணமும் அதனை வரவழைக்கும்.

அறுகம்பையிலிருந்து பாணமை வழியாக ஏறத்தாழ 30 கிலோமீற்றர் சென்றால் உகந்தை. அதுவே குமணைப் பூங்காவின் வாயில். 35,664 ஹெக்டேயர் பரப்புடைய இப்பூங்கா 1970இல் அமைக்கப்பட்டது. போரினால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. 2006 வரை யால கிழக்கு என்றே பெயர் பெற்றிருந்தது. ஏப்ரல் முதல் ஜூலை வரை குமணை வில்லிலே நீர்ப்பறவைகள் கூடு கட்டும். கும்புக்கன் ஓயாக் கரையிலே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் தங்கிடங்கள் உள்ளன, முன்னனுமதியின்றித் தங்கவியலாது. மருதமரங்களின் நிழலும் ஆற்றின் ஒலியும் மறக்கத்தகாதன. ஆயினும் நகரத்து வசதிகளை அங்கே எதிர்பார்க்கலாகாது. குடிநீர் முதல் அனைத்தையும் கொண்டுசெல்ல வேண்டும். கைக்குழந்தையோடு முதன்முறை கூடாரமிடுவோர்க்கு ஏற்ற இடம் அதுவென்று நாம் சொல்லமாட்டோம். அவர் பகலிலே பூங்காவைக் கண்டு, இரவுக்குப் பொத்துவிலுக்கு மீள்க.

மேற்கே, அம்பாறை நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றரில் இங்கினியாகலை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் உருவான சேனாநாயக்க சமுத்திரமும், அதனைச் சூழ 1954இல் அமைக்கப்பட்ட 25,900 ஹெக்டேயர்ப் பூங்காவும் அங்குள்ளன. தீவுக்குத் தீவு யானை நீந்திச் செல்வதைப் படகிலிருந்து காணலாம். நம் வயல்களுக்குப் பாயும் நீர் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதனினும் சிறந்த பாடம் இல்லை.

காலமும் அறிதல் வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை, முகத்துவாரங்கள் உடைத்துக்கொள்ளும், தாழ்நிலத்தில் கூடாரம் நில்லாது. ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வெப்பத்தோடு வீசும். நிழலற்ற மணலில் பகல் முழுதும் குழந்தையை வைத்திருத்தல் தகாது. நெருப்பும் எளிதிற் பரவும். கடலோரத்தில் அலையெல்லைக்கு மிக மேலே, மேட்டுநிலத்தில் இடம் பார்க்க வேண்டும். ஒலுவில், நிந்தவூர்ப் பக்கங்களில் கடலரிப்பால் கரை பின்வாங்கியதைக் கண்ணாற் கண்டவர் நாம். சென்ற ஆண்டு கூடாரமிட்ட மணல் இவ்வாண்டும் அங்கே இருக்கும் என்று நம்பலாகாது. கரையோர மணல்மேட்டுக் கிணற்றில், மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. பலர் கூடி மிகுதியாக இறைத்தால் உவர் மேலெழும். ஆதலின் கிணறு இருக்கின்றது என்ற சொல் போதாது. எத்தனை பேருக்கு அது போதும் என்றும் கேட்க வேண்டும்.

பிறர்மேற் குறை சொல்லும் நாம், நம் குறையையும் மறைத்தல் கூடாது. நம்மவர் கூட்டமாகச் சென்று சமைத்துண்ட இடத்தை மறுநாள் பார்ப்பார் நம்மைப்பற்றி என்ன நினைப்பர்? சோற்றுப் பொதி சுற்றும் பொலித்தீன் தாள் 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில் தடைசெய்யப்பட்டது; ஆயினும் கரையோரப் பற்றைகளில் பொலித்தீன் ஒழிந்தபாடில்லை. யானை அதனை உண்கின்றது. கடலாமை அதனை விழுங்குகின்றது. வழியிற் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் ஒரு பகுதி என்று கற்ற சமூகம் நாம். கொண்டுசென்ற சாக்கிலேயே குப்பையைக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருதல் பெரிய துறவு அன்று.

ஆகவே இரண்டு விண்ணப்பங்கள் செய்கின்றோம். கரையோர மாநகர சபையும் பிரதேச சபைகளும், தத்தம் எல்லையில் ஓரிடத்தையேனும் குடும்பத் தங்குதிடலாக அமைத்தல் வேண்டும். மாடமாளிகை வேண்டா. மேட்டுநிலம், நான்கு நிழல்மரம், நல்ல நீர், தாழுள்ள கழிப்பறைகள், பெண்கள் குளிக்க மறைப்பு, தொழுவதற்குத் தூய தரை, ஒரு வேலி, ஒரு விளக்கு, ஓர் இரவுக் காவலர், இரவு பத்து மணிக்குப் பின் அமைதி என்ற ஒரு விதி. இவை போதும். கட்டணம் பெறுக, ஆனால் நாம் மேற்கூறிய அளவுகோலுக்குக் குறையாது செய்க. தனியார் நடத்தும் தோட்டங்களுக்கும் அவ்வளவுகோலையே விதித்தல் வேண்டும்.

இரண்டாவது விண்ணப்பம் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியது. ஆற்றுப்படையைக் கற்பிக்கும் வகுப்பிலேயே, மாணவர் தாம் சென்றுவந்த இடத்தைப்பற்றி ஒரு பக்கம் எழுதுக. வழி எது, தொலைவு எவ்வளவு, நீர் எத்தகையது, நிழல் உண்டா, கழிப்பறை எத்தனை, மருத்துவர் எங்கே, இடர் யாது என்று கண்டதை மட்டும் எழுதுக, கேட்டதை எழுதற்க. மாணவி ஒருத்தி எழுதும் பக்கத்துக்குத் தனிமதிப்பு உண்டு. ஆடவர் காணாதவற்றை அவள் காண்பாள். பள்ளிதோறும் இப்பக்கங்களைத் தொகுத்தால், சில ஆண்டுகளில் நம் கரையோரத்துக்கு ஒரு மெய்யான வழிநூல் உண்டாகும். இலக்கியம் தேர்வறையைக் கடந்து வீட்டுக்குள் வருவதும் அப்போதுதான்.

எம் சாச்சி இன்னும் குமணையைக் கண்டதில்லை. பேரப்பிள்ளைகள் அழைத்தால், “தண்ணி இருக்கா, கதவு இருக்கா, விசாரிச்சிட்டு வாங்க” என்கிறார். விசாரித்துச் சொல்வது கற்றோர் கடன்.